வாசியைப் பாதியில் விட்டால் கெடுதல் வருமா?

36 வயதுச் சகோதரி ஒருவர் மருத்துவரான எனக்கு எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கொங்குப் பக்கம் ஓர் ஊர், அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை, கணவர், 9 வயதில் ஒரு மகள். யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இவருடைய அம்மா திடீரென்று இறந்துபோனார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் எதிலும் மனசு ஒட்டவில்லை. கூட வேலை பார்ப்பவர் ஒரு வாசியோக வகுப்புக்கு, அதாவது சித்தர் வழியில் மூச்சைப் பழக்கும் வகுப்புக்கு, கூட்டிப் போனார். நடத்துபவரை எல்லோரும் 'ஐயா' என்கிறார்கள். கீதையும் திருமந்திரமும் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவாராம். முதல் தீட்சையில் சொல்லிக்கொடுத்தது எளிமையானது: காலையும் மாலையும் 20 நிமிடம் மூச்சைக் கவனித்தபடி உட்காருவது. "அம்மாவுக்காக அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். ஆறே மாதத்தில் மகளை அடிப்பதை விட்டேன், நாத்தனாரோடு மறுபடியும் பேச ஆரம்பித்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஒன்பது மாதத்துக்கு முன் இரண்டாம் தீட்சை. விடிகாலை 3 மணிக்கு எழுந்து முதலில் துருத்திபோல வேகவேகமாக மூச்சை இழுத்துவிடும் பஸ்திரிகா, அதன்மேல் மூச்சை 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விடுகிற கணக்கு. ஒருவேளைச் சாப்பாடு. வீட்டு வேலை முடித்துப் படுக்க இரவு பதினொன்றரை ஆகிவிடும். தைராய்டு மாத்திரை 'நாடியை அடைக்கும்' என்று ஐயா சொன்னதால் ஐந்து மாதமாக அதுவும் நிறுத்தம். முதுகுத்தண்டில் சூடு ஏறியது, புருவ நடுவில் அதிர்வு, காதுக்குள் ஓங்காரம். ஒருநாள் கும்பகத்தில், அதாவது மூச்சை அடக்கியிருந்தபோது, கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். 'சமாதியின் வாசல்' என்றார் ஐயா.

கடந்த மூன்று வாரமாக நிலைமை வேறு. முன்னால் போகும் வண்டிகளின் எண்கள் தனக்கென்று ஏதோ சொல்கின்றன. அலுவலகத்தில் மற்றவர்கள் நினைப்பது காதில் கேட்கிறது. இரண்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பே இல்லை. ஒருநாள் விடியுமுன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றபோது, உடம்பு வேறு தான் வேறு, கீழே விழுந்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் மகள் ஏறி வந்து, "அம்மா, தண்ணி வேணும்" என்று கையைப் பிடித்திருக்கிறாள்.

மூன்றாம் தீட்சைக்கு 1.5 லட்சம் ரூபாய். நகையை அடகு வைக்கலாம், ஆனால் கணவருக்குத் தெரியக்கூடாது என்பது நிபந்தனை. இவர் கேட்பது: இது முதுகுத்தண்டு வழியே எழும் என்கிற குண்டலினி சக்தியா, பைத்தியமா? பாதியில் விட்டால் சக்தி திரும்பி அடிக்கும் என்கிறார்களே, உண்மையா? வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கலாமா? மனநல மருத்துவரிடம் போனால் அலுவலகத்துக்குத் தெரிந்து வேலைக்கு ஆபத்து வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மொட்டை மாடி பற்றி எழுதியிருந்த நான்கு வரியைப் படித்த அன்றைக்கே உங்களை அழைத்துப் பேசினேன். அவசரமானதை அப்போதே சொல்லிவிட்டேன். மாடிக் கதவுச் சாவி இப்போது கணவரிடம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நிதானமாகச் சொல்ல வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடிப் போனதில் தவறே இல்லை. முதல் ஆறு மாதத்தில் உங்களுக்குக் கிடைத்தது அசல். மகள்மேல் ஓங்கிய கை இறங்கியது, நாத்தனாரோடு பேச்சு திரும்பியது. அகவளர்ச்சி என்று பெரியவர்கள் சொன்னதெல்லாம் இதைத்தான். அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. நானும் பிடுங்க வரவில்லை.

குண்டலினியா, பைத்தியமா?

இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் பயத்தில் பாதி அதனால் வருகிறது. நடப்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம்.

கைவிரல் மரத்துப்போவது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது, புருவ நடுவில் குறுகுறுப்பு. இவை பஸ்திரிகா முடிந்த சில நிமிடத்தில் வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, நரம்புகள் தானாகவே துடிக்கத் தொடங்குகின்றன. பரீட்சை பயத்தில் மூச்சிரைக்க வரும் பிள்ளைகளுக்கும் இதேதான் நடக்கும். விரல்கள் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, பறவையின் அலகு மாதிரி கை இறுகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சுவிட வைத்தால் பத்து நிமிடத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக அவிழும்.

கண் இருட்டிச் சாய்ந்த விஷயத்தைத்தான் நான் அதிகம் கவனித்தேன். மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பைத் தருவது பெரும்பாலும் உடம்பில் சேருகிற கரியமில வாயுதான். பஸ்திரிகாவில் அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் தவிப்பு தாமதமாக வரும். அதற்குள் மூளைக்குப் பிராணவாயு குறைந்து நினைவு தப்பும். அதனால்தான் முதல் மாதத்தில் எட்டாத 64 மாத்திரை, பஸ்திரிகா சேர்ந்த பிறகு 'சுலபமாகக் கைகூடியது'. மூச்சை வேகமாக இழுத்துவிட்டுத் தண்ணீருக்குள் முங்குகிறவர்கள் உள்ளேயே மயங்கி உயிரை விடுவதும் இதே வழியில்தான். அதைச் சமாதி வாசல் என்று சொன்னவருக்கு இது தெரியவில்லை. யோக நூலுக்குத் தெரிந்திருக்கிறது. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பழகுகிறவனையே அது கொன்றுவிடும் என்று ஹடயோகப் பிரதீபிகை எச்சரிக்கிறது.

காதில் கேட்ட ஓங்காரம் பயப்பட வேண்டியதே இல்லை. 1953-ல் ஒரு சோதனையில், காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரைச் சத்தமே புகாத அறையில் சில நிமிடம் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு ரீங்காரம் கேட்டது. விடிகாலை மூன்று மணி அமைதியில் உங்களுக்குக் கேட்டதும் அந்த வகையாக இருக்கலாம். அதை இறைவனின் நாதமாக நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. உடம்பில் ஒரு காரணம் இருப்பதால் அதன் பொருள் போய்விடாது. அம்மாவை நினைத்தால் வருகிற கண்ணீருக்கும் உடம்பில் ஒரு சுரப்பி இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் வண்டி எண்கள், பிறர் நினைப்பது கேட்பது, தூக்கமில்லாமலும் களைப்பில்லாதது, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற உறுதி, இந்த நான்கும் அந்த வகையில் சேராது. மூன்றாவதைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் இரண்டு மணி நேரம் தூங்கினால் மறுநாள் சுவரில் சாய்ந்தே தூங்கிவிழுவாள். உடம்பு கடனைக் கேட்கும். கேட்காமல் மூன்று வாரம் பறக்கிறது என்றால் மூளையின் கட்டுப்பாடு எங்கோ நழுவியிருக்கிறது. மனஎழுச்சி நோயின் (மேனியா) தொடக்கம் பலருக்கு இப்படித்தான் இருக்கும்.

இதோடு உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தாய்மாமா ஒருவர் 22 வயதில் 'எனக்கு உத்தரவு வந்துவிட்டது' என்று தூக்கம் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றினார், பிறகு கீழ்ப்பாக்கத்தில் ஆறு மாதம் வைத்தியம் பார்த்தார்கள் என்று. 'எங்கள் வம்சத்திலேயே ஆன்மிகம் இருக்கிறது' என்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரி படித்தேன். இந்த நோய்க்கான சாய்வு ரத்த சொந்தத்தில் ஓடுவதுண்டு. சாய்வு இருக்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுவதுதான் தீக்குச்சி. தீட்சை கொடுக்குமுன் ஐயா உங்களிடம் இதைக் கேட்டாரா? கேட்டிருந்தால் 3 மணிப் பயிற்சி உங்களுக்கு வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி, யோகத்துக்கு இடையூறுகள் என்று ஒன்பதைச் சொல்கிறார். முதலாவதே வியாதி. ஏழாவது பிராந்தி தரிசனம், அதாவது இல்லாததை இருப்பதாகக் காண்பது. யோகத்தில் இறங்குகிறவனுக்கு இது நேரும் என்று அவர் எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். ஆகவே 'எனக்கு இது வந்துவிட்டதே' என்று கூச வேண்டாம். எங்கள் துறையிலும் எல்லா அனுபவத்துக்கும் நோய் முத்திரை குத்துவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் கையேட்டில் 1994-லேயே 'சமய, ஆன்மிகச் சிக்கல்' என்று நோயல்லாத ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். உங்களைப் பரிசோதிக்கப் போகும் மருத்துவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பயின்றவர்தான்.

தைராய்டு மாத்திரை

இதற்கு நான் கோபப்படாமல் எழுத முயல்கிறேன். அந்த மாத்திரை நாடியை அடைக்கிற அந்நியப் பொருள் கிடையாது. உங்கள் தொண்டையில் இருக்கும் சுரப்பி செய்யவேண்டிய அதே சுரப்பைத்தான் வெளியிலிருந்து தருகிறது. சுரப்பி செய்யாததால் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

நிறுத்தியதும் முதல் மாதம் 'உடம்பு லேசாக இருந்தது, ஐயா சொன்னது சரிதான் என்று நம்பினேன்' என்கிறீர்கள். அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஐந்தாறு வாரம் வரை பழைய சேமிப்பில் ஓடியிருக்கிறீர்கள். அதன் பிறகுதான் முடி கொட்டியது, குரல் கரகரத்தது, மலச்சிக்கல் வந்தது. 'கழிவு வெளியேறுகிறது' என்று ஐயா விளக்கம் சொன்னார். வெளியேறியது கழிவல்ல, சகோதரி. அது தைராய்டு குறைவின் பாடப்புத்தக அடையாளம். அந்தக் குறைவு நீடித்தால் மனமும் கலங்கும். 1949-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு குறைவினாலேயே சித்தம் கலங்கிய 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அரிதாக நடப்பதுதான், ஆனால் வைத்தியத்தில் சரியாகக்கூடியது. உங்களுக்கு நடப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம்.

விட்டதை ஈடுகட்ட இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும்.

பாதியில் நிறுத்தினால் சக்தி திரும்பி அடிக்குமா?

உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வியை மட்டும் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது இதுதான் என்று புரிகிறது. மருத்துவராகச் சொன்னால், மூச்சை அடக்குவதை நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. சில நாள் மனசு வெறிச்சென்று இருக்கும், ஏதோ விட்டுப்போன மாதிரி தோன்றும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதில் உங்களுக்குப் போதாது என்று தெரியும். நீங்கள் நம்பும் நூலிலிருந்தே சொல்கிறேன்.

கீதை ஆறாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் கேட்பது எழுத்துக்கு எழுத்து உங்கள் கேள்வி. நம்பிக்கையோடு யோகத்தில் இறங்கி, முடிக்க முடியாமல் நடுவில் நழுவியவன் கதி என்ன? கலைந்துபோன மேகம் மாதிரி இரண்டுமில்லாமல் அழிந்துவிடுவானா? கண்ணன் பதறுகிறவனைத் தட்டிக்கொடுப்பதுபோல 'மகனே' என்று கூப்பிட்டுச் சொல்கிறான்: அவனுக்கு இங்கேயும் அழிவில்லை, அங்கேயும் அழிவில்லை, நல்லது செய்தவன் ஒருநாளும் கெட்டுப்போவதில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே இந்த வழியில் எடுத்த முயற்சி வீணாகாது, பாதியில் நின்றாலும் கேடு வராது என்று சொல்லியாகிவிட்டது. அதே ஆறாம் அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: சாப்பிடாமலே கிடப்பவனுக்கும் தூங்காமல் விழித்திருப்பவனுக்கும் யோகம் இல்லை. தினமும் கீதை சொல்லி வகுப்பைத் தொடங்குகிறவர் இந்த இடங்களை எப்படித் தாண்டினார் என்று எனக்குப் புரியவில்லை.

ஐயா சொன்ன 16, 64, 32 கணக்கு திருமந்திரத்தில் இருப்பதுதான். ஆனால் அதே திருமூலர்தான், முன்பு உடம்பை இழிவு என்று எண்ணியிருந்தேன், உள்ளே உறைபவனைக் கண்ட பிறகு உடம்பைப் பேணுகிறேன் என்றும் சொன்னார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் அது திருமூலர் வழி ஆகாது.

உங்களுக்குத் தெம்பு தரக்கூடிய ஒரு மனிதரின் கதையையும் சொல்லலாம். கோபி கிருஷ்ணா என்பவர் ஜம்முவில் உங்களைப் போலவே அரசு அலுவலக எழுத்தர், குடும்பஸ்தர். பல வருடம் தினமும் விடிகாலையில் தியானம் செய்துவந்தவருக்கு 1937 டிசம்பரில் முதுகுத்தண்டு வழியே ஒளியும் ஓசையும் பாய்ந்த அனுபவம் வந்தது. அதன்பிறகு வாரக்கணக்கில் உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பைத்தியம் பிடித்துவிடும் என்ற திகில். அவர் தியானத்தை நிறுத்தினார். வேளை தவறாமல் சாப்பிட்டுத்தான் உடம்பைத் தேற்றினார். வேலையையும் விடவில்லை. பின்னாளில் குண்டலினி பற்றி உலகத்துக்கே எழுதியவர் அவர்தான்.

'யாரிடமும் சொல்லாதே' என்ற நிபந்தனை

சித்தர் மரபில் மறைபொருள் உண்டு, மறுக்கவில்லை. பரிபாஷையில் பாடினார்கள். மேலே ஒரு சொல், உள்ளே ஒரு பொருள், அதை அவிழ்க்கக் குரு வேண்டும் என்பார்கள். அரைகுறையாகப் புரிந்துகொண்டு யாரும் கெட்டுவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆக, சீடனைக் காப்பதற்காக வந்த மறைப்பு அது. மந்திரத்தை மறைக்கலாம். நகையை அடகு வைக்கப் போவதை, தைராய்டு மாத்திரை நின்றுபோனதை, நீங்கள் மயங்கி விழுந்ததைக் கணவரிடமிருந்து மறைக்கச் சொல்வது யாரைக் காப்பதற்காக?

ஐயாவை மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. தான் கற்றதை முழுமனதோடு நம்புகிறவராகவும் இருக்கலாம். அவரிடம் நேரடியாக மூன்றே கேள்வி கேளுங்கள். என் தைராய்டு மருத்துவரோடு பேசுவீர்களா? என் கணவரை வைத்துக்கொண்டு கட்டணத்தைப் பற்றிப் பேசலாமா? ஆறு மாதம் விட்டுவிட்டு உடம்பு தேறிய பிறகு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? நல்ல ஆசிரியர் மூன்றுக்கும் 'தாராளமாக' என்பார். கோபமோ சாப எச்சரிக்கையோ பதிலாக வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பணத்தைப் பற்றி: 1.5 லட்சம் இப்போது கொடுக்க வேண்டாம். இந்த மனநிலையில் எடுக்கும் எந்தப் பெரிய முடிவும் ஆறு மாதம் காத்திருக்கட்டும். முன்பே கொடுத்திருந்தவர்களுக்காக ஒரு தகவல். ஒருவர் மனத்தின்மேல் தனக்குள்ள பிடியைப் பயன்படுத்திச் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று கேட்க 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. மறுமை நலனுக்காகத் தன் குருவுக்குச் சொத்தை எழுதிக்கொடுத்த பெரியவர் ஒருவரின் வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 1890-லேயே இந்த அடிப்படையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விவரத்துக்கு வழக்கறிஞரைப் பாருங்கள். என் வேலை அதுவல்ல.

வேலை, மருத்துவர், ஊர் வாய்

'ரமணர் 16 வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போகவில்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். 1896-ல் போனார். பள்ளிக்கூடப் பையன், அவரை நம்பி ஒரு குழந்தையும் இல்லை. அப்போதும் அவர் வாயில் சோற்றை ஊட்டி உடம்பைக் காப்பாற்றியவர்கள் கோயிலைச் சுற்றி இருந்த மனிதர்கள்தான். பின்னாளில் துறவு கேட்டு வந்த குடும்பஸ்தர்களை அவர் வீட்டிலேயே இருக்கத்தான் சொன்னார். 1916-ல் தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்தபோது அவரையும் ஏற்றுக்கொண்டு, 1922-ல் அவர் கண்மூடும்வரை பக்கத்திலேயே இருந்தார். துறவுக்கு உதாரணம் காட்ட இவரைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். முழுக்கதையையும் எடுக்க வேண்டும்.

ராஜினாமாக் கடிதம் பையில் தயாராக இருக்கிறது என்றீர்கள். கிழித்துவிடுங்கள். ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலத்தின் பலனே போய்விடக்கூடும். உங்களுக்கு வேண்டியது மருத்துவ விடுப்பு. நான்கு வாரம் போடுங்கள்.

மனநல மருத்துவரிடம் போனால் வெளியே தெரியுமா என்ற பயத்துக்கு: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. அலுவலகம் கேட்டதும் மருத்துவர் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. சிகிச்சை எடுத்ததற்காக அரசு வேலை போகாது. சிகிச்சை எடுக்காமல் அலுவலகத்தில் ஒருநாள் யாரையாவது 'நீ என்னைப் பற்றி நினைத்தாய்' என்று சண்டைக்கு இழுத்துவிட்டால்தான் பேச்சு கிளம்பும்.

மருந்து சாப்பிட்டால் உள்வாசல் மூடிவிடும் என்று பயப்படுகிறீர்கள். முதல் சில வாரம் மந்தமாக இருக்கலாம், அதை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். தூங்கி எழுந்த மனசில்தான் தியானம் கைகூடும். ஒன்று மட்டும், நன்றாகிவிட்டது என்று தோன்றும் நாளில் நீங்களாக மருந்தை நிறுத்தக்கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

முதல் வேலை தூக்கம். இரவு 9:30-க்குப் படுக்கை, கைபேசி வேறு அறையில். 3 மணிக்கு விழிப்பு வந்தாலும் எழுந்து உட்கார வேண்டாம். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்கமாத்திரை வாங்க வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு, பசிக்காவிட்டாலும்.

பஸ்திரிகா, கும்பகம், கண்மூடித் தியானம் மூன்றையும் முழுவதுமாக நிறுத்துங்கள். முதல் தீட்சையின் 20 நிமிடத்தையும் இப்போதைக்கு ஒத்திவைக்கச் சொல்வது எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனால் உள்ளே போவதற்குக் கதவு கழன்றிருக்கும் நேரம் இது. கண் திறந்தபடி செய்வதைச் செய்யலாம். விளக்கேற்றுங்கள், தேவாரத்தைச் சத்தமாகப் பாடுங்கள், கணவரோடு கோயிலைச் சுற்றி வாருங்கள். ஏழு திரை விலக்கி ஜோதி காட்டிய வள்ளலார், அந்த ஞான சபையைக் கட்டும் முன்பே 1867-ல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையின் அடுப்பை மூட்டினார். இன்றும் அது அணையவில்லை. பக்கத்துக் கோயில் அன்னதானத்தில் காய் நறுக்கப் போனாலும் அது சாதனைதான்.

கணவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மருத்துவர்களைப் பாருங்கள். தைராய்டுக்குப் பார்த்தவரிடம் தைராய்டு அளவுகளான டி.எஸ்.எச்., டி4, வைட்டமின் பி12, ரத்த அளவு, சர்க்கரை எல்லாம் சேர்த்துப் பரிசோதனை. அப்புறம், மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவு. தாய்மாமா விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருந்தால் கணவர் சொல்லட்டும்.

மாடியில் வந்த எண்ணம் மறுபடி தலைகாட்டினால், 'விழுந்தால் என்ன' என்று ஒரு நொடி தோன்றினாலும், எந்த நேரமானாலும் 14416-க்குப் போடுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நிலைமை கையை மீறினால் 108. தனியாக இருக்கவே கூடாது.

இன்னும் ஒன்று, உங்கள் அம்மா. முதல் தீட்சையில் அழத் தொடங்கினீர்கள். இரண்டாவதில் மூச்சை அடக்கினீர்கள், அதோடு அழுகையும் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசி ஐந்து பக்கத்தில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பயிற்சியை நிறுத்தியதும் அந்தத் துக்கம் மறுபடி வரும். சக்தி திரும்பி அடிக்கிறது என்று அதற்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். அம்மா நினைப்பு வருகிறது, அவ்வளவுதான். வரட்டும். மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு அவளுடைய பாட்டியைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கும் பாட்டி போனது போனதுதானே, அவளிடம் அதைப் பற்றி யாராவது பேசினார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறது. கணவரும் பேசலாம்.